பசையட்டையில் ஓர் அரணை

1

எனக்கு விடை தெரியாத ஒரு கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது. திருவனந்தபுரம் தம்பானூரில் நான் தங்கியிருக்கும் லாட்ஜில், எலிக்கு வைத்த பசையட்டையில் ஓர் அரணை ஒட்டிக்கொண்டது. உயிரோடு. அறைகளைக் கூட்டும் இசக்கிசெல்வி அந்த அட்டையை என் வாசலில் நீட்டினாள்.

“சாரே, பல்லி, பூச்சின்னு எழுதுத ஆளுல்லா நீங்க. இத எப்படி எடுக்கது?”

தெரியவில்லை.

2

(முதல் தொடக்கம்: “காலை வெயிலில் வெண்கலமாய் மின்னும் உடலோடு ஓர் அரணை…” அடித்துவிட்டேன். அது செத்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வர்ணனை வேண்டுமாம்.)

தெரியாததை மறைக்கத் தெரிந்ததை விளக்கினேன். அரணை தரையில் வாழ்வது. சுவரேறும் பல்லியின் விரல்கள் அதற்கு இல்லை. பகலில் சருகுக்குள் நாக்கை நீட்டி நீட்டி மண்ணைச் சுவைத்து இரை தேடும்; அட்டையில் ஒட்டிய கரப்பானுக்காகத்தான் வந்திருக்கும். அதன் வாலெலும்புகளில் முறிவதற்கென்றே இடம் இருக்கிறது. அறுந்த வால் துள்ளும், எதிரி அதைப் பார்க்கும், உடல் தப்பிவிடும். பூனையிடம் இது பலிக்கும். பசை எதையும் பார்ப்பதில்லை.

“அதெல்லாம் சரி சாரே. மூச்சு முட்டுது பாருங்க.”

உண்மை. விலா விரிந்தால்தான் அதற்கு மூச்சு. நெஞ்சு பசையில் இருந்தது.

3

மேனேஜர் ஷிபு எட்டிப்பார்த்தான். “அய்யோ, அரணயல்லே! கடிச்சா ஆளு தீர்ந்து. மடக்கி வேஸ்ட்ல போடு.”

அந்த அட்டை புத்தகம்போல மடியும்.

“உயிரு இருக்கு சேட்டா.”

“கெஸ்ட் யாராவது கண்டா, நாளைக்கு உனக்குப் பதிலா வேற ஆள் வரும். கேட்டோ?”

[இடையில் ஒன்று: அரணைக்கு விஷம் இல்லை. விஷப்பல்லும் இல்லை, விஷச்சுரப்பியும் இல்லை. இதை இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டும்?]

ஷிபு மனம் மாறுவதாக ஒரு வரைவு எழுதினேன். பொய். செல்வி எதிர்த்துப் பேசுவதாக இன்னொன்று: “அவள் நிமிர்ந்து நின்று, எந்த உயிரையும்—” நிறுத்திவிட்டேன். வேலை போனால் அவளுக்குத்தான் போகும், எனக்கல்ல.

நடந்தது இதுதான்: அவள் தலையாட்டிவிட்டு அட்டையோடு போனாள். நான் அறைக்குள் வந்து கதை எழுத உட்கார்ந்தேன். ஷிபுவைவிட என்மேல்தான் எனக்குக் கோபம்.

4

கதவு தட்டப்பட்டது.

“மடக்கல சாரே. மாடிப்படிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கேன். எழுதுனது போதும், யாருட்டயாவது கேளுங்க.”

கேட்க இரண்டு நிமிடம்தான் ஆனது. எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் அஸ்வதி போனிலேயே சீறினார்: “வெளிச்செண்ணை, அதான் தேங்காயெண்ணை, இல்லாத வீடு திருவனந்தபுரத்துல உண்டா? இத்தனை நேரம் என்ன செய்தீங்க?”

எழுதிக்கொண்டிருந்தேன்.

அது பிழைத்ததா? சொல்ல மாட்டேன். பிழைத்தது என்றால் நிம்மதியாக அடுத்த அட்டையை விரிப்பீர்கள். செத்தது என்றால் ஒரு நிமிடம் வருந்திவிட்டு விரிப்பீர்கள். உங்கள் வீட்டு அட்டையில் ஒன்று ஒட்டும்போது முடிவை நீங்களே எழுதுங்கள்.

அஸ்வதி சொன்ன வழி இது. தண்ணீர் ஊற்றாதீர்கள், இழுக்காதீர்கள். சுற்றியுள்ள வெறும் பசைமேல் மாவு தூவுங்கள். உடல் ஒட்டிய இடங்களில் தேங்காய் எண்ணெயைத் துளித்துளியாக விடுங்கள், மூக்கில் படக்கூடாது. ஐந்து நிமிடம் பொறுங்கள், பசை இளகும். பஞ்சு சுற்றிய குச்சியால் முதலில் நெஞ்சையும், பிறகு ஒவ்வொரு காலாகவும் விடுவியுங்கள். வாலைப் பிடிக்காதீர்கள். மெல்லிய துணியால் எண்ணெயை ஒற்றி எடுத்து, நிழலில், சருகின்மேல் விட்டுவிடுங்கள்.