நரம்பை அரிக்கும் மாவு

அப்பாவின் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்குகிறது, ஆணியில் மாட்டிய ஈரத்துண்டு மாதிரி. பேட்டரி ஆலையில் ஈயத்தூள் கொட்டிக் கொட்டி நரம்பு செத்துவிட்டது என்றார் நரம்பு டாக்டர். கம்பெனி டாக்டருக்கு அவரைவிட மூளை அதிகம். "கையைத் தலைக்கு வெச்சுத் தூங்கியிருப்பார், கை மரத்துப்போச்சு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போன வருடம் தூங்கிய கை. இன்னும் எழுந்திருக்கவில்லை.

இழப்பீட்டு விசாரணைக்கு அப்பாவைத் தயார் செய்தது நான்தான். வீட்டில் முதல் பட்டதாரி, அதிலும் வேதியியல், சும்மா விடுவேனா? "கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா. கதை சொல்லாதீங்க" என்றேன். தலையாட்டினார்.

கம்பெனி வக்கீல் தேன் தடவிய குரலில் ஆரம்பித்தார். "ஐயா, நீங்க ஈயத்துல வேலை பாத்தீங்களா?"

"இல்லீங்க. ஈயம் உருக்குறது பக்கத்துக் கொட்டகை. நான் மாவு கொட்டுற ஆளு."

"மாவா?"

"ஆமாங்க, மாவுதான். மூட்டையைப் பிரிச்சு மெஷின்ல கொட்டணும்."

வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா சார்? மனுதாரரே சொல்லிட்டார். மாவு பட்டு உலகத்துல எவனுக்காவது கை விழுந்திருக்கா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வீட்டுத் தவளை மழைக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

ஆலையில் ஈயத்தூளுக்குப் பேரே மாவுதான். விஷம் என்றால் எவன் மூட்டையைத் தொடுவான்? செல்லப்பேர் வைத்தால் கொஞ்சிக்கொண்டே தூக்கலாம். எங்கள் வக்கீலம்மா எழுந்து இதைத்தான் சொன்னார். கம்பெனி வக்கீல், "இப்ப புதுசா ஜோடிக்கிறாங்க சார்" என்று சிரித்துவிட்டுத் தன் சாட்சியைக் கூப்பிட்டார்.

வந்தவர் அப்பாவின் சூப்பர்வைசர். பட்டப்பேர் ஊதல்; எதற்கெடுத்தாலும் விசில் அடிப்பார். தப்பெல்லாம் அப்பாவுடையது என்று சொல்வதற்காகவே இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்திருந்தார்.

"தலைபாடா அடிச்சுக்கிட்டேன் சார். மாவு கொட்டுறப்ப முகமூடி போடு, மாவுக் கையோட சாப்பிடாதேன்னு. இவர் கேட்டாத்தானே?"

வக்கீல் இருமினார். ஊதல் பேச்சை நிறுத்தவில்லை. வக்கீல் இன்னும் பலமாக இருமினார். ஊதல் அக்கறையாகத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்திவிட்டுத் தொடர்ந்தார்: "மாவு உள்ள போனா நரம்பையே அரிச்சிடும்னு ஆயிரம் தடவை சொன்னேன் சார்!"

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அது என்னங்க, நரம்பை அரிக்கிற மாவு?"

ஊதல் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஈ... ஈயத்தூள் சார். மாவுன்னுதான் சொல்லுவோம்."

தவளை என் வீட்டில் மட்டும் இல்லை என்பதில் எனக்கு அப்படியொரு நிம்மதி.

"மனுதாரர் கையாண்டது ஈயத்தூள். கம்பெனித் தரப்பே ஒப்புக்கொள்கிறது" என்று அதிகாரி சொல்லச் சொல்ல, தட்டச்சு செய்தார்கள். அப்பா என் காதில், "நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்றார்.

"இல்லப்பா. ஊதல் உங்களுக்குச் சாட்சி சொல்லிட்டார்."

வாக்குமூலத்தில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார்கள். அப்பா அதை இடது கையால் ஒதுக்கினார். "கையெழுத்தே போடுறேன்." அவர் மணிக்கட்டை நான் கீழிருந்து தாங்கிப் பிடித்தேன். பேனா எழுத்தெழுத்தாக நகர்ந்தது.

கம்பெனி வக்கீல் நாற்காலியைக் கறகறவென்று இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"மெதுவா சார்," என்றேன். "கை தூங்குது."