தாயம்மாளின் கொட்டாய்

கள்ளிக்குப்பத்தில் ஏரிக்கரையை ஒட்டியிருந்த வீட்டு வரிசை இடிக்கப்பட்ட பிறகும், உத்தமன் வருடக்கணக்கில் அங்கேதான் போய்ப் படுத்தான். சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வெறும் மண்ணுக்குள் நாலடி நடப்பான், அதற்குமேல் ஆளைக் காணோம். காலையில் குளித்துத் தலை சீவி, டிபன் பாக்ஸோடு அதே இடத்திலிருந்து வெளியே வருவான். முதல் வாரம் கூட்டம் கூடியது. யாரோ வீடியோ எடுத்தார்கள், அதில் மண்ணும் ஒரு நாயும்தான் விழுந்திருந்தன. பிறகு தக்காளி விலை ஏறியது, ஜனங்களுக்கு அந்தக் கவலை வந்துவிட்டது.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. இடித்த அன்று அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில், லேத் பட்டறையில் இருந்தான். ஜேசிபி வந்ததை அவன் பார்க்கவில்லை, அவனிடம் யாரும் சொல்லவும் இல்லை. அதனால் அவனுக்கு வீடு இருந்தது. அவன் மனைவி தாயம்மாள் அன்று முழுக்கத் தெருவில் நின்று சுவர்கள் சாய்வதைப் பார்த்தவள். அவளுக்கு இல்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தும் பார்த்தாள். நாலாவது அடியில் பிடித்த கை வெறுங்கையாகிவிட, அவள் மட்டும் செங்கல் பொடிமேல் நின்றாள்.

இங்கே கொட்டாய் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொட்டகைதான் பேச்சில் தேய்ந்து கொட்டாய் ஆனது. மாடு நிற்கும் இடத்தைக் குறித்த வடசொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். மாட்டுக்கு இருந்த பெயரை மனிதர்கள் தங்களுக்கு வாங்கிக்கொண்டார்கள். ஓலை வேய்ந்து படம் காட்டினால் சினிமாக் கொட்டாய், சாவு விழுந்தால் தெருவை மறித்துப் போடுவதும் கொட்டாய். நாளைக்குப் பிரித்துவிடலாம் என்கிற எதற்கும் அந்தப் பெயர் பொருந்தும். உத்தமனும் தாயம்மாளும் வந்த புதிதில் போட்டதும் அதுதான். அப்புறம் ஓலை போய் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது, ஆஸ்பெஸ்டாஸ் போய் கான்கிரீட் வந்தது, தரைக்கு டைல்ஸ்கூட வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை. வீடு என்று வாய் நிறையச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அந்த வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் பயம். அழகான குழந்தைக்குக் கன்னத்தில் மை வைப்பது மாதிரி, வீட்டுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள்.

இடிப்பதற்கு முன்னால் கணக்கெடுக்க அதிகாரி வந்தபோது ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். முதல் வாசல் தாயம்மாளுடையது.

“வீடுதானேம்மா?” என்று அவர் நல்லபடியாகத்தான் கேட்டார்.

“ஊடெல்லாம் இன்னா சார் ஊடு, ஏதோ ஒரு கொட்டாய் போட்டுகினு கீறோம்,” என்றாள்.

அடுத்தடுத்த வாசல்களிலும் அதையே சொன்னார்கள். வீடு என்றால் மாற்றுக் குடியிருப்பு உண்டு, கொட்டாய் என்றால் அப்புறப்படுத்துவதோடு சரி. இது அவர்களுக்கு இடித்த பிறகுதான் தெரிந்தது. என்ன அநியாயம்! கான்கிரீட் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் அதைக் கொட்டாய் என்று எழுதிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தார் வாடகைக்கு ஆவடி, பூந்தமல்லி என்று சிதறினார்கள். போகிறபோது தாயம்மாளிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிர்ச்சாரியில் பட்டா வீட்டில் இருந்த ஜஹானாராதான் தன் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு இடம் கொடுத்தாள்.

உத்தமனுக்கு, பெண்டாட்டி வாசலைத் தாண்டி வர மாட்டேன் என்கிறாள் என்பது மட்டும்தான் தெரியும். “இன்னாமே, இன்னுமா கோவம்? உள்ள வா, ஃபேன் ஓடிகினு கீது,” என்பான். “புழுக்கமா கீதுய்யா, காத்து வாங்கிகினு வரேன், நீ போ,” என்பாள். இப்படியே வருடங்கள் போயின. அவன் சமைக்கக் கற்றுக்கொண்டான். ஏரி நிரம்பித் தண்ணீர் தெருவுக்கு வந்த ஐப்பசியில், முழங்கால் தண்ணீரில் நின்ற தாயம்மாள், அவன் காய்ந்த சட்டையோடு வெளியே வருவதைப் பார்த்து நிம்மதி அடைந்தாள்.

ஜஹானாராவுக்குப் பொறுக்கவில்லை. “சொல்லிடுக்கா. ஊட்ட இட்ச்சிட்டாங்கன்னு ஒரு வார்த்த. அப்பால அண்ணன் எங்க போவும், உன்னாண்டதான் வரும்,” என்றாள்.

அது தாயம்மாளுக்கும் தெரியும். சொன்ன நிமிஷமே அவன் கண்ணுக்கும் அது மண்ணாகிவிடும் என்பதும் தெரியும்.

“என் வாயால ஒரு தபா இடிஞ்சது போதும் ஜஹானாரா,” என்றாள்.

இந்தத் தை மாதம், வயதாகிவிட்டது என்று பட்டறையில் அவனை நிறுத்திவிட்டார்கள். போர்த்திய சால்வையோடு வந்து அவள் முன்னால் நின்றான். “இனிமே எங்கியும் போற வேல இல்லமே. கால நீட்டிகினு ஊட்லயே கெடப்பேன். நீயும் வந்துடு,” என்றான்.

இப்போது உள்ளே போனால் அவன் வெளியே வருவதற்குக் காரணமே இருக்காது என்று தாயம்மாளுக்குப் புரிந்தது. எதிரே ஜஹானாரா, சொல்லு சொல்லு என்று கையை ஆட்டினாள். தாயம்மாள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். நாளெல்லாம் நின்ற கால்கள், எப்போது படுப்போம் என்றிருந்தன.

“அரிசி கீழ் டப்பால கீது. ஆக்கித் துன்னுட்டுப் படு,” என்றாள்.

அவன் உள்ளே போன பிறகுதான் அழுதாள்.

இப்போது அந்த மண்ணில் யாரும் குறுக்கே நடப்பதில்லை, சுற்றிக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போகிறார்கள். ஜஹானாரா ஓரமாக வைக்கும் மளிகைப் பை கொஞ்ச நேரத்தில் அங்கே இருக்காது. சில மதியங்களில் அந்த வெற்றிடத்திலிருந்து சோறு அடிப்பிடிக்கிற வாசனை வரும். படிக்குக் கீழே உட்கார்ந்தபடியே தாயம்மாள், “யோவ், அடுப்ப சின்னதா வையி!” என்று கத்துவாள். வாசனை நின்றுவிடும்.