கடைசிக் குழாய் ரத்தம்

ரத்தம் ஏற்ற வேண்டிய, திருவேங்கடம் ஊர்க் கர்ப்பிணியின் சீரத்தில், அதாவது ரத்தநீரில், யார் ரத்தத்தைக் கலந்தாலும் பொருந்தாமல் திரண்டுகொண்டது. சங்கரன்கோவில் ஆய்வகத்தில் அரிய ரத்தவகைகளை ஆராயும் மீனலோசினிக்கு வேறு வழியில்லை. செத்துப்போன கணவனின் ரத்தம் உறைபெட்டியில் ஒரே ஒரு குழாய் மிச்சமிருந்தது. இரண்டு வருஷமாக அதைத் தொட மனசு வரவில்லை. இன்று உருக்கிக் கலந்தாள். திரளவில்லை, பொருந்துவது அந்த வகைதான்.

அந்த வகை உள்ள இன்னொரு ஆள், கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் அவன் தம்பி சிவசைலம். குரலில் அண்ணனை அப்படியே உரித்து வைத்தவன். அதனாலேயே அவள் அவனுக்குப் போன் போடுவதில்லை.

போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"இப்பவே வாரேன் மதினி. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

தெளிவாகத்தான் கேட்டது.

"சரியாக் கேக்கல," என்றாள். "இன்னொரு தடவ சொல்லுங்க."