ஒன்றரை மணிக்குத்தான் இட்லி

குற்றாலிங்கத்துக்கு அறுபதாவது வயதில் ஞானோதயம் வந்தது. முப்பத்தைந்து வருஷம் போலீஸில் இருந்து, கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் தின்று, தொப்பையும் சர்க்கரையும் சம்பாதித்து ரிட்டையரான மனுஷன், எதை எத்தனை மணிக்கு வாயில் போடுவது என்று இப்போது வாட்ஸ்அப்பில் பாடம் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி உமாராணிக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

பாடம் நடத்துகிறவன் ஸ்ரீகணேஷ். தாத்தா காலத்திலேயே தென்காசியை விட்டுப் போன குடும்பம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை போனதும் பையன் திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, உடம்பு இளைக்க வைக்கிற கோச் ஆகிவிட்டான். காலையில் புரதம் மட்டும்தான்: முட்டை வெள்ளைக்கரு, அவித்த பயறு. மாவுச்சத்துக்கு மதியம் ஒன்றரைக்குத்தான் கதவு திறக்கும். அதற்கு முன்னால் ஒரு இட்லி உள்ளே போனாலும் அன்றைய நாள் வீண். இதற்குத் தலையாட்டப் பத்துப் பேர். பத்துப் பேருக்கும் மஞ்சள் டி-ஷர்ட்.

உமாராணி சத்துணவு அமைப்பாளர். கடையம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தினமும் நூற்றிப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் முட்டையும் ஒரே தட்டில் போடுகிறவள். முதலில் முட்டையா சோறா என்று ஒரு பிள்ளையும் அவளிடம் கேட்டதில்லை. மணியடித்தால் தின்னும், தின்றால் ஓடும். தின்கிறதுக்கு டைம்டேபிள் போடும் தடிமாடுகளைக் கண்டால் அவளுக்கு இளக்காரம். அதில் தன் புருஷனும் ஒருவர் என்றால் ரெண்டு மடங்கு.

இளக்காரத்துக்கு வேறு காரணமும் உண்டு. லத்தியைத் தூக்கிக்கொண்டு கலவரத்துக்குள் போன ஆளுக்கு இன்சுலின் ஊசி என்றால் பயம். சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பார். உமாராணிதான் வயிற்றில் குத்துவாள். காலையில் இருபத்திரண்டு யூனிட், ராத்திரி பதினாலு. குத்தின கால் மணி நேரத்தில் நாலு இட்லி. ஆறு வருஷமாக இதுதான் நடைமுறை.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோச்சின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. அதுவரை பாடம் மட்டும்; அன்றிலிருந்து காலை இட்லி நிஜமாகவே ரத்து. தொடக்க விழா ஐந்தருவியில். மூன்று வெள்ளைக்கருவைத் தின்றுவிட்டு அருவிக்கு அடியில் போய் நிற்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் கொழுப்பை எரிக்குமாம்.

சட்டையைத் தூக்கியபடியே குற்றாலிங்கம் கேட்டார். "ஏட்டி, இட்லி கிடையாதுல்லா. ஊசிய கொஞ்சம் குறைக்கணுமோ?"

"எங்கிட்ட ஏன் கேக்கிய? உங்க கோச்சுகிட்ட கேளுங்க. எல்லாம் தெரிஞ்ச மகராசன்லா அவன்."

"இல்ல, டாக்டருக்கு ஒரு போன் போட்டுட்டு..."

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா டாக்டருக்கு உங்க முட்டக் கதைய கேக்கதுதான் வேலையா? சட்டய நல்லாத் தூக்குங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபத்திரண்டும் இறங்கியது.

வேடிக்கை பார்ப்பதற்கென்றே அவளும் குழுவின் வேனில் ஏறினாள். ஐந்தருவியில் சாரல் கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் போய் ஆசை தீர நின்றுவிட்டு வெளியே வந்தபோது குடலைப் பிடுங்குகிற பசி. ஹுஸைஃபா என்பவரின் கடையில், மஞ்சள் சட்டைகளின் கண்ணில் படும்படியான பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்து, நாலு இட்லியும் ஒரு வடையும் வாங்கினாள். குளித்துவிட்டு வந்த மஞ்சள் சட்டை மந்திரமூர்த்தி, ரிட்டையர்டு பேங்க் மேனேஜர், அவள் தட்டைப் பார்த்து எச்சில் முழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். உமாராணிக்கு வடை இன்னும் ருசித்தது.

அப்போதுதான் குற்றாலிங்கம் கம்பியைப் பிடித்துப் பிடித்து வந்தார். பல் தந்தியடித்தது, கை உதறியது. அவள் கண்டுகொள்ளவில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு நடுங்காதவன் யார்? வந்தவர் அவளுக்கு எதிரே விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"மேடம், பந்தோபஸ்துக்கு ஆள் பத்தாது மேடம்."

நாக்கு குழறியது. பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்தார்கள். "காலங்காத்தாலயே ஏத்தியாச்சு போல" என்றது ஒரு குரல். உமாராணிக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியென்றால் விஷயம் இதுதான். இட்லிக்குக் கதவைச் சாத்திவிட்டு இதற்குத் திறந்துவிட்டிருக்கிறான்கள்!

"உக்காருங்க அங்கன. மானத்த வாங்காதிய."

அவர் பெஞ்சு ஓரத்தில் சரிந்தார். ஸ்ரீகணேஷ் ஓடி வந்து குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் சந்தோஷம். "பயப்படாதீங்க ஆன்ட்டி, இது நல்ல சைன். பாடி கார்ப்ஸ் கேக்குது, நாம கொடுக்கக் கூடாது. ஒன்றரை வரைக்கும் அங்கிள் ஹோல்டு பண்ணிட்டாருன்னா ஃபேட் எரிய ஆரம்பிச்சிரும்."

"நல்லா எரியட்டும்" என்றாள் உமாராணி. கட்டின புருஷன் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருக்க, இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்டாள்.

சாம்பார் ஊற்ற வந்த ஹுஸைஃபா, ஊற்றாமல் குற்றாலிங்கத்தையே பார்த்தார். "அக்கா, சாருக்கு சுகர் உண்டா?"

"ஏன், அதுவும் உண்டு."

"அந்தத் துண்டால நெத்தியத் துடைங்க."

துடைத்தாள். துண்டை எடுப்பதற்குள் நெற்றியில் மறுபடியும் முத்து முத்தாகப் பூத்தது. மறுபடியும் துடைத்தாள். மறுபடியும் பூத்தது.

"இது அருவித் தண்ணி இல்லக்கா, வேர்வை. சுகர் இறங்கிட்டு. எங்க வாப்பாவுக்கு இப்படித்தான் வரும். காலையில ஊசி போட்டாரா? அதுக்கப்புறம் என்ன சாப்பிட்டாரு?"

உமாராணி தட்டைத் தள்ளி வைத்தாள். பதில் அவளுக்குத் தெரியும்.

ஹுஸைஃபா டீயில் அஞ்சு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி ஆற்றினார். "ஆன்ட்டி, சுகர் பாய்ஸன்" என்று கையை நீட்டினான் ஸ்ரீகணேஷ்.

"ஏலே, தள்ளிப் போ. இவரு போயிட்டா ஒன்றர மணிக்கு யாருலே திம்பா?"

புருஷனின் பிடரியைத் தாங்கிக் கிளாஸை உதட்டில் வைத்தாள். பாதி மார்பில் வழிந்தது. மீதியை முழுங்கினார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரெண்டாவது கிளாஸும் போனது. அந்தக் கால் மணி நேரம் அவள் பயந்த மாதிரி வாழ்க்கையில் எதற்கும் பயந்ததில்லை. கடைசியில் அவர் கண்ணைச் சுருக்கி அவளைப் பார்த்தார்.

"ஏட்டி, என்னட்டி அழுத?"

வேனை நேரே தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். டியூட்டியில் இருந்தது மகள் வயதுள்ள ஒரு டாக்டர். விரலில் குத்திப் பார்த்து, டீ குடித்த பிறகும் இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கினாள். நடந்ததைக் கேட்டாள். வாசலில் ஸ்ரீகணேஷ் போனைத் தடவிக்கொண்டு நின்றான். அவனைக் கைகாட்டிவிட்டால் போதும், விஷயம் முடிந்தது.

"இட்லி கிடையாதுன்னு தெரிஞ்சும் முழு டோஸையும் யாரு போட்டது?"

"நானேதான் போட்டுக்கிட்டேன் டாக்டர்" என்றார் குற்றாலிங்கம்.

டாக்டர் பிடித்துக்கொண்டாள். போலீஸில் இருந்தவருக்கு இதுகூடவா தெரியாது? ஒரு போன் போட்டுக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா? இந்த வயசில் புத்தி எங்கே போனது? குற்றாலிங்கம் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் எப்படிக் குனிந்து கேட்பாரோ அப்படியே. டாக்டர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உமாராணி தினம் சொல்கிற சொல்தான். வேறொருத்தி வாயிலிருந்து வரும்போது அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

"ஊசி போட்டது நான்" என்றாள். "குறைக்கணுமான்னு கேட்டாரு. டாக்டருக்குப் போன் போடுதேன்னாரு. நாந்தான் கேலி பண்ணிக்கிட்டே குத்துனேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். உமாராணியைத் தலை முதல் கால் வரை ஒரு தரம் பார்த்தாள். தினம் வீட்டில் அதை வாங்குகிற குற்றாலிங்கத்துக்கு அது எப்படிப்பட்ட பார்வை என்று நன்றாகத் தெரியும்.

"டாக்டர்," என்றார் அவர், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து. "அவள அப்படிப் பாக்காதிய."