விட்டுக்கொடுக்கும் திருகு

லிஃப்ட் பழுதுபார்ப்பவரின் தூண்டிலில் பாஸ் என்கிற அந்த ஏரி மீன் மாட்டியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. அதற்குப் பிறகு ஏழு வருஷம் நான்கு மாதம் மீனும் விடவில்லை, அவரும் விடவில்லை. காலையில் மீன் பதினொரு மீட்டர் தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு ஏரியின் நடுப்பக்கம் போகும். சாயங்காலத்துக்குள் அவர் அதே பதினொரு மீட்டரைச் சுற்றி ரீலுக்குள் கொண்டுவந்துவிடுவார். மறுநாள் காலையில் முதலிலிருந்து ஆரம்பம். முதல் வாரம் வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது. இரண்டாவது வாரம் ஐஸ் வண்டிக்காரர் மட்டும் வந்தார். மூன்றாவது வாரம் அவரும் பள்ளிக்கூட வாசலுக்கே திரும்பிப் போய்விட்டார்.

இதில் தப்பு யாருடையது என்று கேட்டால் தூண்டில் கடைக்காரியைத்தான் சொல்லவேண்டும். தப்பு என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் கொஞ்சம் அளவுக்கு மீறிச் சரியாகச் செய்துவிட்டாள். பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் அவள் கடை. உள்ளே நுழைந்தால் இடதுபக்கச் சுவர் முழுக்கத் தூண்டில் கம்புகள். வலதுபக்கம் இழுப்பறை இழுப்பறையாகப் பொய் இரைகள்: ரப்பர் புழு, ரப்பர் தவளை, ஆட்டினால் கலகலக்கும் மரமீன், தண்ணீரில் இழுத்தால் சுழன்று மின்னுகிற தகடு. அப்பா இறந்த மறுவாரம் இருபத்திரண்டு வயதில் அந்தக் கடையில் உட்கார்ந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகும் அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். மாடியில் இரண்டு அறை, அதில் அவள் ஒருத்தி. மாடிக்குத் தொலைபேசி வந்தால் அது ரீல் கம்பெனி ஏஜெண்டாகத்தான் இருக்கும். கல்யாணப் பேச்சு மூன்று முறை வந்து, மூன்று முறையும் வந்த வழியே போய்விட்டது.

ஆனால் ஆளுக்கேற்ற கம்பு எடுத்துக் கொடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்பாள். எங்க நிப்பீங்க? எத்தனை மணிக்குப் போடுவீங்க? எதுக்குப் பயப்படுறீங்க? முதல் இரண்டும் எல்லாக் கடையிலும் கேட்கிற கேள்விகள், மூன்றாவது அவளுடையது. கம்பு முறிந்துவிடுமோ என்று பயப்படுகிறவருக்குத் தடித்த கம்பு. வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் மனைவி முகத்தில் விழிக்கப் பயப்படுகிறவருக்கு மெல்லிய கம்பும் ரப்பர் புழுவும். அதைப் போட்டால் விரல் நீளக் குஞ்சாவது மாட்டாமல் போகாது. என்ன கேட்டார்களோ அதை இம்மி பிசகாமல் கொடுப்பாள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. இவ்வளவு தெரிந்தவள் தன் கையால் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை என்பதைப் பக்கத்துச் சலூன்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஏரிக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை போகிறார்கள், கடையில் வியாபாரமும் ஞாயிற்றுக்கிழமைதான், அவள் என்ன செய்வாள்.

லிஃப்ட் பழுதுபார்ப்பவர் கடைக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு மாதம், மனைவி இறந்து பதினான்கு மாதம். மகள் எட்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வேறொரு ஊரில் இருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குத் தண்ணீரைப் பார்த்து உட்காரலாமே என்றுதான் அவர் தூண்டில் வாங்க வந்தார். மூன்றாவது கேள்வியை அவள் கேட்டாள். தொப்பியைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"அறுந்து போறதுக்குத்தாம்மா பயம். முப்பது வருஷம் கம்பிவடம் அறுந்துடக் கூடாதுன்னே வேலை பார்த்தேன். இதுவும் அறுந்துடக் கூடாது. அது என்னை இழுத்துக்கிட்டும் போயிடக் கூடாது."

அன்றைக்கு அவள் அவருக்காக இரண்டு மணி நேரம் செலவழித்தாள். நுனி வளைந்துகொடுத்து அடி உறுதியாக நிற்கிற ஏழடிக் கம்பை எடுத்தாள். ஏரிக்கடியில் மூழ்கிக் கிடக்கிற மரங்களை நினைத்து நரம்பைத் தேர்ந்தெடுத்தாள். பாஸ் மீன் பசியில் கடிப்பதைவிடக் கோபத்தில் கடிப்பதுதான் அதிகம், அதனால் அதன் மூக்குக்கு முன்னால் போய் வம்பிழுக்கிற மாதிரி கரும்பச்சை ரப்பர் புழு ஒன்றைப் பொறுக்கினாள். கடைசியாக ரீல். ரீலில் ஒரு திருகு இருக்கிறது. மீன் எவ்வளவு பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அந்தத் திருகின் பொறுப்பு. இறுக்கினால் நரம்பு அறும், தளர்த்தினால் மீன் போய்விடும். மற்றவர்களுக்கு ஸ்பிரிங் தராசில் மாட்டி அரை நிமிடத்தில் வைத்துக் கொடுத்துவிடுவாள். அவருக்கு அரை மணி நேரம், மயிரிழை மயிரிழையாகத் திருகினாள். அவர் கேட்டது அப்படியே அமைந்தது. அறவும் அறாது, அவரை இழுத்துக்கொண்டும் போகாது. மீன் கரைக்கு வரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் அது தோன்றவில்லை.

விஷயம் புரிய எல்லாருக்கும் ஒரு மாதம் ஆனது, புரிந்த பிறகு ஊர் அதற்கேற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. நகராட்சி ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தது. தபால்காரர் மேட்டுத் தெருவை முடித்துவிட்டுக் கரைக்கும் ஒரு நடை வந்தார். சலூன்காரர் மாதம் ஒருமுறை பெட்டியோடு வந்து, கம்பை அசைக்காமல் முடி வெட்டிவிட்டுப் போனார். மீன் அசந்தபோது பழுதுபார்ப்பவரும் அசந்தார், மீன் விழித்தபோது விழித்தார். மகள் முதல் வருஷம் இரண்டு முறை வந்து அழுது பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள். "ஒரு மீனுக்காக இப்படியாப்பா?" என்று கேட்டாள். அவர் நரம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுவும் என்னை விட மாட்டேங்குதேம்மா" என்றார். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

தினமும் வந்தது கடைக்காரி மட்டும்தான். ஐந்தரைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு ஃபிளாஸ்க் டீயும் சின்ன எண்ணெய்க் குப்பியுமாக வருவாள். ரீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். முதலில், இப்படிச் செய்துவிட்டோமே என்கிற குற்ற உணர்ச்சியில்தான் வந்தாள். எப்போதிலிருந்து அது வேறாக மாறியது என்று அவளுக்கே தெரியாது. அவளுக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது, இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு மணியானால் மேசைக்குக் கீழே கண்ணாடி பார்த்துக்கொள்வாள். அவரும் நன்றாகத்தான் பேசுவார். இன்றைக்கு அது வடக்கே திரும்பியது, நேற்று அதற்கு உடம்பு சரியில்லை போல, மத்தியானம் ஒருமுறை மேலே வந்து பார்த்துவிட்டுப் போனது என்று மூச்சுவிடாமல் பேசுவார். ஆனால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசுவார். ஏழு வருஷத்தில் அவர் அவள் முகத்தைப் பார்த்த தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதில் பாதி டம்ளரை வாங்கும்போது. அவள் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு மீன் நாலு மீட்டர் அதிகமாக இழுத்தது. அவர் அதைப் பற்றித்தான் பேசினார். அவள் ஃபிளாஸ்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

எட்டாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குத் தொலைபேசி வந்தது. பேசியது அவருடைய மகள். ஆஸ்பத்திரியில் இருந்தாள், பிரசவம் சிக்கலாகியிருந்தது, கணவன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தான். "அப்பாவ வரச் சொல்லுங்க. கூட யாருமே இல்ல" என்று மட்டும் சொன்னாள். கடைக்காரி கடையைப் பூட்டக்கூடச் செய்யாமல் கரைக்கு ஓடினாள். அவர் கேட்டுவிட்டு முதல் தடவையாக எழுந்து நின்றார். கம்பை மரத்தில் கட்டிவிட்டுப் போகலாமா என்று அவள்தான் கேட்டாள். கட்டினால் அறுந்துவிடும், பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்றார். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"ரெண்டே நாள். வந்துடறேன்" என்றார் அவர். கம்பை அவள் கையில் வைத்து, தன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டார். மூன்றரை மணிப் பேருந்துக்கு ஓடினார்.

அவர் போனதை அவள் பார்க்கவில்லை. நரம்பின் வழியாக ஏதோ ஒன்று வந்து அவள் உள்ளங்கையில் முட்டியது. வீட்டில் போர்வை துவைத்தால் அவள் ஒரு முனையைக் கதவின் கைப்பிடியில் கட்டி, மறுமுனையைத் தான் பிடித்துப் பிழிவாள். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். இப்போது அந்த முனையையும் யாரோ பிடித்திருந்தார்கள். அவள் தளர்த்தியபோது அந்தப் பக்கம் இறுகியது. அவள் இழுத்தபோது அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்துவிட்டு விட்டுக்கொடுத்தது. அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் ஆனது, இரண்டு வாரம் ஆனது. சலூன்காரர் கடையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார், கடையைத் தேடி வந்தவர்கள் கரைக்கு வந்தார்கள். அவள் மூன்று கேள்வியைக் கேட்டு, மூன்றாவது வரிசை, ஐந்தாவது இழுப்பறை என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். அவர்கள் எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். முன்பைவிட இப்போது அவள் எடுத்துச் சொல்கிற கம்பு கொஞ்சம் வேறாக இருக்கிறது என்று பழைய வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். எதுக்குப் பயப்படுறீங்க என்று கேட்டுவிட்டு, யாராவது பதில் சொல்லத் தயங்கினால், பரவாயில்ல, நான் பார்த்துத் தரேன் என்றாள்.

இரண்டாவது மாதம் கடிதம் வந்தது. தபால்காரர் பிரித்துக் கொடுத்தார். பேரக்குழந்தை பெண், இப்போது நன்றாக இருக்கிறாள், ஆனால் என் ஆள்காட்டி விரலைப் பிடித்தால் விடுவதே இல்லை என்று அவர் எழுதியிருந்தார். மகளும் நானும் பேசிக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். கடைசியில், உங்களுக்கு எவ்வளவு சிரமம் கொடுத்துவிட்டேன், தயவுசெய்து நரம்பை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், நான் எதுவும் நினைக்க மாட்டேன் என்று இருந்தது. நரம்பு வெட்டுகிற சின்னக் கத்தரி எல்லாத் தூண்டில்காரர்களையும் போல அவள் கழுத்துக் கயிற்றில்தான் தொங்கியது. கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றைக்கு மீன் பதினொரு மீட்டர் போனது, பதினொரு மீட்டர் வந்தது.

அவர் திரும்பி வந்தபோது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, சட்டையை யாரோ இஸ்திரி போட்டிருந்தார்கள். மகளுக்கு இனி தன் உதவி தேவைப்படாது, குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றார். வழியெல்லாம் உன்னைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். டம்ளரோ எண்ணெய்க் குப்பியோ இல்லாமல், வெறுமனே, நின்று பார்த்தார். ஏழு வருஷம் அவள் அதற்காகத்தான் ஐந்தரைக்குக் கடையைப் பூட்டினாள்.

"கொடும்மா. பட்டது போதும். இனிமே நான் பிடிச்சுக்கறேன்" என்று கையை நீட்டினார். "நீ பக்கத்துல உக்காரு, பேசிக்கிட்டிருக்கலாம்."

அவள் திரும்பவில்லை. நரம்பு தண்ணீரைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன வளையம் விரிந்துகொண்டிருந்தது.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள். "உங்க நிழல் தண்ணில விழுது."

அவர் தள்ளி நின்றார். வெயில் நகர நகர இன்னும் இரண்டு முறை தள்ளி நின்றார். பிறகு மூன்றரை மணிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னார். அதற்கு அவள் சரி என்றாள். அவர் மேட்டில் ஏறி ஒருமுறை திரும்பிப் பார்த்ததாகச் சலூன்காரர் சொல்கிறார்.

அந்த வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. எங்கள் பக்கத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர் பள்ளிக்கூட ஆசிரியை, வெயிலில் நாற்பது வீடு ஏறி இறங்கிவிட்டுக் கரைக்கு வந்திருந்தார். நின்றபடியே படிவத்தைப் பிரித்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ரெண்டு பேர் என்றாள் கடைக்காரி. ஆசிரியை தகரக் கொட்டகையைப் பார்த்தார், ஒற்றை நாற்காலியைப் பார்த்தார், சாய்வாகத் தண்ணீருக்குள் போகிற நரம்பைப் பார்த்தார்.

"இன்னொருத்தர் இப்ப இருக்காங்களா?"

"இருக்காங்க."

ஆசிரியை இரண்டு என்று எழுதி, அவள் இடது கையால் போட்ட கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.