நிலவறையில் ஒரு பைப் ரிஞ்ச்

ஏரிக்கரைக் கோட்டையை அருங்காட்சியகமாக மாற்றியபோது அதன் கழிவறைகளுக்குக் குழாய் போட்டவர் அந்தப் பிளம்பர். திறப்பு விழா அழைப்பிதழில் அந்தப் பெருமையைப் போட இடம் போதவில்லை போலும். பதினோரு வருடம் கழித்து, மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பீரங்கி மேடையிலிருந்து ஏரி அழகாகத்தான் தெரிந்தது. அவர் கண் மட்டும் மதிலோரக் கழிவுக்குழாயை விட்டு நகரவில்லை.

"இன்னும் ஒரு சொட்டு ஒழுகல, பாத்தியா?"

"ஏரியவும் கொஞ்சம் பாருங்க, அதுலயும் தண்ணிதான் இருக்கு" என்றாள் மனைவி.

நிலவறையில்தான் வந்தது வினை. கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டின் மேல், ராஜ மரியாதையோடு படுத்திருந்தது அவருடைய பைப் ரிஞ்ச். சாமான் போட்டு வைத்திருந்த இதே நிலவறையில், வேலை முடிந்த அன்று காணாமல் போனது. கூட இருந்த கொத்தனார்தான் லவட்டிவிட்டார் என்று சொல்லி, அன்றோடு அவருடன் பேச்சையே முறித்துக்கொண்டார்.

பெட்டியின் கீழே எழுதியிருந்தது: 'கைதிகளின் விரல்களை நசுக்கிய கருவி. முந்நூறு ஆண்டுப் பழமை. கைப்பிடியில் இருப்பது ரத்தக்கறை.'

"ரத்தமா? வாசல் கேட்டுக்கு அடிச்ச செவப்பு பெயின்ட்டு மிச்சம். அடையாளத்துக்கு நான்தான் பூசினேன்."

அங்கேயே நின்று கொத்தனாருக்குப் போன் போட்டார். ரிஞ்ச் கிடைத்த கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

கொத்தனார் நிதானமாகக் கேட்டார்: "அது கெடக்கட்டும். பக்கத்துச் சுவத்துல கோடு கோடா இருக்குமே, அதுக்கு என்ன எழுதியிருக்காங்க?"

"'கைதிகள் நாள் எண்ணிய கீறல்கள்'னு."

"நான் பூச்சுக் கரண்டி தேய்ச்ச எடம்யா அது."

சத்தம் கேட்டுக் காப்பாட்சியர் அம்மையார் வந்தார். முழுதும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் சார். ஆனா இந்தக் கருவியப் பத்தி ரெண்டு ஆய்வுக் கட்டுரை வந்தாச்சு. ஒண்ணு என்னோடது."

"முந்நூறு வருஷத்து இரும்புல திருகு துருவேறாம இப்படியாம்மா இருக்கும்?"

"அந்தக் காலத்து வேலைப்பாடு அப்படி" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "வந்ததுதான் வந்தீங்க, பெண்கள் கழிவறைல ஒரு குழாய் மூடவே மாட்டேங்குது. பாக்கறீங்களா?"

"பாக்கறேன். அந்தப் பெட்டியத் தொறங்க."

"காட்சிப்பொருளத் தொடக் கூடாது சார்."

பேரம் அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் அம்மையார் பேனாவை எடுத்து, 'ரத்தக்கறை' என்பதற்குப் பின்னால் 'எனக் கருதப்படுகிறது' என்று சேர்த்தார். இதற்குமேல் வரலாறு இறங்கி வராது என்றும் சொல்லிவிட்டார்.

பிளம்பர் காவலாளியிடம் ஒரு ஸ்பேனரை இரவல் வாங்கிக்கொண்டு கழிவறைக்கு நடந்தார்.