ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம்

றூபன் ஒளித்திருந்த இடத்தைக் கண்டுபிடித்தவள் என் தங்கை மெலனி. கிழக்கு லண்டனில் எங்கோ காசு வாங்காமல் சைக்கிள் திருத்திக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவள், போன வேகத்தில் வெளியே வந்து எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, உங்கட மாப்பிள்ளை இஞ்ச வெங்காயம் உரிச்சுக்கொண்டு நிக்கிறார்."

மூன்று வருடங்களுக்கு முன் டூட்டிங்கில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் முறைப்படி மூன்று ஞாயிறும் எங்கள் கல்யாண அறிவித்தலை வாசித்தார்கள். "ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம்" என்று சுவாமி கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் றூபன் போனை நிறுத்திவிட்டுக் காணாமல் போனான். விடிய நான் சேலை உடுத்திக்கொண்டு ஜன்னலடியில் நின்று, எங்கள் தெருவுக்குள் திரும்பும் ஒவ்வொரு காரையும் பார்த்தேன்.

அதைக்கூட மறந்திருப்பேன். அவனுடைய அம்மா, கோயில் பாடகர் குழுவை நடத்துகிற இம்மாகுலேற் அன்ரி, பூசை முடிந்து வெளியே நின்று, "பெட்டையைப் பற்றி ஒரு விசயம் தெரியவந்துதான் பிள்ளை விலகினவன். என்னைக் கேக்காதேங்கோ, நான் சொல்லமாட்டன்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாரே, அதுதான் என்னைத் தின்றது. அவர் சொல்லாததைச் சனம் தானே நிரப்பிக்கொண்டது. ஒருவர் எனக்கு ஏதோ நோய் என்றார். இன்னொருவர் வேலையிடத்தில் ஒருத்தன் என்றார். பேசிவந்த சம்பந்தங்கள் வாசல்வரை வந்து திரும்பின. அப்பா இந்தக் கோயிலை விட்டுவிட்டு, ட்ராம் ஏறிக் குரோய்டனில் பூசை கண்டார். எல்லாம் றூபனின் காதுக்கு எட்டியது. அவன் வாயே திறக்கவில்லை.

"கில்ன் யார்ட் எண்டு இடத்தின்ர பேர்," என்றாள் மெலனி. "முந்தி ஓடு சுட்ட பழைய தொழிற்சாலை. கொஞ்சப் பேர் புகுந்து, தாங்களே சட்டம் போட்டுத் தாங்களே நடத்துகினமாம். முதலாளியும் இல்லை, தலைவரும் இல்லை. ஒரு வருசம் இருந்து பாத்திட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில எல்லாரும் சம்மதிச்சால்தான் நிரந்தரமா இருக்கலாம். வாற ஞாயிறு றூபன்ர முறை. கேற்றில எழுதிப் போட்டிருக்கு."

"ஒருத்தர் சம்மதிக்காட்டி?"

"பெட்டியோட வெளியால. அண்டைக்கு அங்க சாப்பிட்ட விருந்தாளிக்கும் சொல்ல உரிமை இருக்காம்."

"அப்ப சாப்பிடுவம்," என்றேன்.

நல்லாக உடுத்திக்கொண்டு போனேன். பழிவாங்கப் போகும்போது பழைய கம்பளி ஜம்பரோடு போகக்கூடாது. மனோர் பார்க்கில் இறங்கி, பஸ் எடுத்து, பெயின்ற் உரிந்த ஒரு கேற்றடிக்கு வந்தோம். "லண்டன் இத்துடன் முடிகிறது" என்று அதில் எழுதியிருந்தது. தாடிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டு எங்கள் மணிக்கட்டில் முயல் முத்திரை ஒன்று குத்தினார்.

"விசா கிடைச்சிட்டுது," என்றாள் மெலனி. "குரோய்டன் விசாக் கந்தோரில அப்பாவுக்கு இவ்வளவு கெதியாக் கிடைக்கேல்லையே."

உள்ளே குளியல் தொட்டிகளில் கீரை முளைத்திருந்தது. பஸ் ஒன்றுக்குள் ஒரு குடும்பம் இருந்தது. விறகுப் புகை மணத்தது. நீள மேசையின் முடிவில் அகப்பையோடு றூபன் நின்றான். மெலிந்து, தலைமயிரைக் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் அகப்பை பாதி வழியில் நின்றது.

"கிளறிற்றா... ஏன் வந்தனீர்?"

"சாப்பிட. கொஞ்சம் கூடப் போடும்."

மெலனி ஒரு வாய் வைத்துவிட்டு என் காதுக்குள், "உப்பே இல்லை. புரட்சிக்கு உப்பு ஆகாதோ?" என்றாள். நான் கோப்பையை வழித்துச் சாப்பிட்டேன்.

சாப்பாடு முடிந்ததும் கதிரைகளை வட்டமாகப் போட்டார்கள். நரைத்த பின்னலும் ரப்பர் சப்பாத்துமாக ஹேசல் என்ற பெண் நடுவில் வந்தார். அன்றைய கூட்டத்தை நடத்துவது அவர் முறை. றூபன் நல்ல சமையல்காரன், சண்டை பிடிக்கமாட்டான் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிறகு எல்லோரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி, ஈரம் உதறுவதுபோல விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய சம்மதம்.

"ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம்," என்றார் ஹேசல்.

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. விரல்களை ஆட்டாமல், மடக்கிய கையைத் தூக்கினேன்.

விரல்கள் நின்றன. நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன்: அறிவித்தல், ஜன்னல், அவனுடைய அம்மா, என் அப்பா. "உங்களையும் ஒருநாள் இப்படித்தான் விட்டுவிட்டுப் போவான். உங்களைப் பற்றிப் பொய் சொன்னாலும் பேசாமல் இருப்பான்," என்று முடித்தேன்.

றூபன் வாயைத் திறந்தான். ஹேசல் கையைக் காட்டித் தடுத்தார். ஆட்சேபனை சொல்லும்போது மற்றவர் பதில் பேசக்கூடாது, கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அருமையான சட்டம்.

நான் கைப்பையைத் தூக்கினேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். கோயிலில் ஆட்சேபனை என்றால் அதோடு கதை முடிந்தது. நான் அந்த நினைப்பிலேயே வந்திருந்தேன்.

"இருங்கள்," என்றார் ஹேசல். "என்ன நடந்தால் உங்கள் மறுப்பைத் திருப்பி எடுப்பீர்கள்? அதைச் சொல்லாத மறுப்பு இங்கே செல்லாது. திருப்பி எடுப்பதென்றால் நீங்களே நேரில் வரவும் வேண்டும்."

இதற்கு நான் ஆயத்தமாக வரவில்லை. "ஒரு கார் கேளுங்கோ," என்று மெலனி முணுமுணுத்தாள்.

நான் றூபனைப் பார்த்தேன். இந்த இடம் போனால் அவனுக்குத் தாயின் வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. அவன் கண்ணில் இருந்தது அந்தப் பயம்தான். அன்றைக்கு ஓடியதும் என்னை விட்டு இல்லை, கல்யாணம் வேண்டாம் என்று அந்தத் தாயிடம் ஒரு சொல் சொல்லப் பயந்துதான். எதைக் கேட்க வேண்டும் என்று அப்போது விளங்கியது.

"அடுத்த ஞாயிறு எங்கள் கோயிலில், பூசை முடிய, அறிவித்தல் வாசிக்கிற மைக்கில் நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். தாயின் முன்னால்."

"அது ஏலாது, கிளறிற்றா," றூபன் தமிழில் கெஞ்சினான். "அம்மா செத்துப்போவா."

"என்ர அப்பா மூண்டு வருசமாத் தலை குனிஞ்சு திரியிறார். நீர் ஒருக்கா வந்து பாத்தனீரோ?"

என்ன கதைத்தோம் என்று கூட்டம் கேட்டது. மெலனி ஒரு சொல் விடாமல், மிகவும் சந்தோசமாக, மொழிபெயர்த்தாள். வட்டத்தில் விரல்கள் மறுபடி ஆடின. இம்முறை எனக்காக.

அடுத்த ஞாயிறு அப்பாவை வற்புறுத்திப் பழைய கோயிலுக்கே கூட்டிக்கொண்டு போனேன். கிறிஸ்துராஜா சுவாமியிடம் முன்கூட்டியே கேட்டிருந்தேன். யாத்திரை பஸ் அறிவித்தலை வாசித்து முடித்தவர், "றூபன் ஒரு விசயம் சொல்லவேணுமாம்," என்றார்.

கடைசி வரிசை வாங்கிலிருந்து அவன் எழுந்து வந்தான். மைக்கைப் பிடித்தான்.

"கலியாணத்துக்குப் பயந்து ஓடினது நான். கிளறிற்றாவில ஒரு குறையும் இல்லை. அம்மா சொன்னது பொய். பொய் எண்டு தெரிஞ்சும் பேசாமல் இருந்தன். அது எனக்கு வசதியா இருந்தது."

கடைசி வசனத்தை நான் கேட்கவில்லை. அவனாகவே தந்தான். எடுத்துக்கொண்டேன்.

முடிவுப் பாட்டை இம்மாகுலேற் அன்ரிதான் தொடங்க வேண்டும். வாய் திறந்தது, குரல் வரவில்லை. பின்வரிசைப் பெண்கள் அவரைப் பாராமல் தாங்களே தொடங்கிப் பாடினார்கள். கடைசி அடிவரை நான் அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாவம் என்று ஒரு துளியும் தோன்றவில்லை.

வெளியே வந்ததும் சனம் என்னைச் சூழ்ந்துகொண்டது.

"நாங்கள் அப்பவே நம்பேல்லப் பிள்ளை."

"அப்ப ஏன் அன்ரி, கண்டாலும் காணாத மாதிரிப் போனனீங்கள்?" என்று ஒவ்வொருவரையும் ஆறுதலாகக் கேட்டேன்.

இம்மாகுலேற் அன்ரி நேரே வந்தார். "என்ர பிள்ளையைக் கொண்டே என்ர மானத்தை வாங்கிப் போட்டாய்."

"உங்களைப் பற்றி நான் ஒரு பொய்யும் சொல்லேல்ல, அன்ரி. நீங்கள் என்னைப் பற்றிச் சொன்னது எல்லாம் பொய்."

அவர் காரைத் தேடி நடந்தார். பின்னால் ஒருவரும் போகவில்லை. அப்பா நடுவாசலில் நின்று, பழைய சிநேகிதர்களோடு கை கொடுத்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

றூபன் மதிலோரம் காத்து நின்றான். "இண்டைக்குப் பின்னேரக் கூட்டத்துக்கு வந்து, மறுப்பைத் திருப்பி எடுப்பீரோ?"

"வாறன். சொன்ன சொல்லு சொன்னதுதான்."

அவன் மூச்சு விட்டான்.

"எத்தினை மணிக்கு எண்டு மட்டும் சொல்லமாட்டன். கேற்றடியில நிண்டு, வாற ஒவ்வொரு பஸ்ஸையும் பாரும்."

அப்பர் டூட்டிங் வீதிக் கடை ஒன்றில் அப்பாவும் மெலனியும் நானும் கொத்துரொட்டி சாப்பிட்டோம். அப்பா சிரித்துச் சிரித்துக் கதை சொன்னார். அந்தச் சிரிப்பை நான் கேட்டு நெடுநாள்.

மெலனி போனைத் திருப்பி நேரத்தைக் காட்டினாள். "அக்கா, அங்க கூட்டம் தொடங்கியிருக்கும்."

"தெரியும்," என்றேன். "முடியிறதுக்குள்ள போனால் போதும். அப்பாவுக்கும் எனக்கும் இன்னொரு தேத்தண்ணி சொல்லு."